கோணலாகத் தெரிந்த கோடு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பொங்கல் லீவு முடிந்து வேலைக்குப் போன முதல் வாரம். அவிநாசி பக்கத்தில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் துணியை மேஜையில் விரித்துப் பார்த்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் பிசகு என்று ஏதாவது இருந்தால் தனியே ஒதுக்க வேண்டும். என் கண்ணுக்குத் தப்பி ஒரு பழுதும் போகாது என்று கொஞ்சம் கர்வமே உண்டு.

அன்றைக்குக் கோடு போட்ட டி-ஷர்ட். எடுக்கிற பீஸிலெல்லாம் நடுவில் கோடு வளைந்திருந்தது. துணியே கோணலாக வந்திருக்கிறது என்று நினைத்து ஒதுக்கிக்கொண்டே போனேன். மத்தியானத்துக்குள் பெரிய குவியல் சேர்ந்துவிட்டது. சூப்பர்வைசர் வந்து இரண்டு மூன்றை உதறிப் பார்த்தார்.

"ஏனுங்கக்கா, நல்ல பீஸையெல்லாம் ரிஜெக்ட்ல போட்டிருக்கீங்க?"

"கோடு கோணலா இருக்குதுங்களே, பாருங்க."

"எங்கீங்க கோணல்? ஸ்கேல் வெச்சு இழுத்தாட்ட இருக்குது."

"அக்காளுக்குப் பொங்கல் மயக்கம் இன்னும் தெளியல" என்று பக்கத்து மேஜைக்காரி கிண்டல் செய்தாள். நானும் சிரித்துக்கொண்டே வலது கண்ணைக் கசக்கினேன். கசக்கும்போது இடது கண்ணுக்குக் கோடு நேராக இருந்தது. கையை மாற்றி இடது கண்ணைப் பொத்தினேன். அதே கோடு தண்ணீருக்குள் கிடக்கிற மாதிரி நெளிந்தது. நடுவில் ஒரு மங்கல் வேறு. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

வயதாகிறது, கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனேன். எதை மாட்டிப் பார்த்தும் வலது கண்ணுக்கு நெளிவு போகவில்லை. கடைக்காரர் முகம் மாறிவிட்டது. கோயம்புத்தூர் போய்ப் பெரிய கண்ணாஸ்பத்திரியில் காட்டுங்கள், தள்ளிப் போடாதீர்கள் என்றார். மறுநாள் வீட்டுக்காரருக்கு டெம்போவில் லோடு இருந்தது. கண்ணைத்தானே காட்டப் போகிறோம் என்று தனியாகவே பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் சுகர், பிரஷர் உண்டா என்று கேட்டாள். இல்லை என்றேன். கண்ணில் மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் மங்கி, வெளிச்சம் குத்த ஆரம்பித்தது. பக்கத்து நாற்காலியில் பர்தா போட்ட ஓர் அம்மா, என்னைவிடச் சற்று மூத்தவர், அவரும் மருந்து விட்ட கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உக்கடம் பக்கம் வீடு என்றார். பேச்சு அதற்குமேல் போகுமுன் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். கண்ணை ஸ்கேன் எடுக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி வேற ஏதாச்சும் பெரிய வைத்தியம் பண்ணியிருக்கீங்களாம்மா?"

கண்ணுக்கு வந்த இடத்தில் இதை எதற்குக் கேட்கிறார் என்று கூச்சமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். ஆறு வருடத்துக்கு முன் மார்பில் புற்றுநோய் வந்தது, இடது பக்கம் எடுத்தாகிவிட்டது, கீமோவும் கரண்ட் என்கிற கதிர்வீச்சும் முடிந்து நன்றாகத்தான் இருக்கிறேன் என்று. எழுதிக்கொண்டிருந்த அவர் கை நின்றது.

"கூட யாரு வந்திருக்காங்க?"

முன்பு மார்புக் கட்டிக்குப் போனபோதும் இதே கேள்விதான். அன்று வீட்டுக்காரரையும் அண்ணனையும் மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார்கள். வெளியே வந்து "சாதாரணக் கட்டிதான்" என்றார்கள். எங்கள் பக்கம் அப்படித்தான், நோய் வந்தவளைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருக்கும். பார்க்க வருகிறவர்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்து நானே கண்டுபிடிப்பதற்குள் பாதி செத்துவிட்டேன். இன்னொரு முறை அப்படி இருக்க என்னால் முடியாது.

"யாரும் வரலீங்க. எங்கிட்டயே சொல்லிப்போடுங்க."

"நாளைக்கு வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்கம்மா, பேசிக்கலாம்."

வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அந்த அம்மா என்னவென்று கேட்டார். சொல்லி முடிப்பதற்குள் என் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பி, டாக்டர் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"டாக்டர், நானு இவங்க அக்காங்க. டீ குடிக்கப் போயிருந்தனுங்க. என்னன்னு எங்க ரெண்டு பேருகிட்டயும் சொல்லீருங்க."

டாக்டர் என் நெற்றிப் பொட்டையும் அவர் பர்தாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "உட்காருங்க" என்றார்.

"மார்புல இருந்ததுதான் கண்ணுக்குள்ள வந்திருக்குதுன்னு சந்தேகப்படறேன். உடம்பு பூரா ஸ்கேன் எடுத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

"கண்ணுக்கெல்லாம் வருமுங்களா?" என்றேன்.

"ரத்தம் போற எடத்துக்கெல்லாம் அதுவும் போகலாம். கண்ணுக்கு வர்றது கொஞ்சம் அபூர்வம். சீக்கிரம் ஆரம்பிச்சா பார்வையைக் காப்பாத்தப் பாக்கலாம்."

எலும்புக்குப் போகும், ஈரலுக்குப் போகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். முதுகு வலித்தாலே தூக்கம் போய்விடும். கண்ணை மட்டும் நான் சந்தேகப்பட்டதே இல்லை. இனி என் உடம்பில் எந்த இடத்தை நம்புவது? அந்த அம்மா என் கையை விடவில்லை. என்ன ஸ்கேன், எங்கே எடுப்பது, யாரைப் பார்ப்பது என்று எனக்குப் பதிலாக அவரே கேட்டுக்கொண்டார்.

வெளியே வந்து என் போனில் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பேசினார். டீ வாங்கிக் கொடுத்தார். காந்திபுரம் வரை கூடவே வந்தார். இரண்டு பேருக்கும் கண்ணில் மருந்து, ஒரு போர்டும் தெரியவில்லை. கண்டக்டர்கள் கூவுவதைக் கேட்டுத்தான் அவிநாசி பஸ்ஸைக் கண்டுபிடித்தோம். ஜன்னல் வழியாக, "செரியாப் போயிருமுங்க, அழுகாதீங்க அம்மணி" என்றார்.

டாக்டர் சந்தேகப்பட்டது சரிதான். நுரையீரலிலும் ஒரு புள்ளி இருந்தது. முகத்தில் மூடி போட்டு மேஜையோடு பூட்டிக் கண்ணுக்குக் கரண்ட் வைத்தார்கள். பார்வை முழுதாகத் திரும்பவில்லை, ஆனாலும் நெளிவு குறைந்தது. இப்போது மாத்திரையில் ஓடுகிறது. ஒவ்வொரு ஸ்கேனுக்கு முன்னாலும் சோறு இறங்காது. அடுத்தது எங்கே இருக்குமோ என்று நகக்கண்ணைக்கூட உற்றுப் பார்க்கிறேன்.

அந்த மூடிக்குள் அசையாமல் படுத்திருந்த ஒரு நாளில்தான் எனக்கு உறைத்தது. அவரும் டாக்டரைப் பார்க்கத்தானே காத்திருந்தார்? என்னோடு வந்ததில் அவர் முறை போயிருக்கும். மருந்து விட்ட கண்ணோடு காந்திபுரத்திலிருந்து வீட்டுக்கு எப்படிப் போனாரோ. எத்தனையோ பேரிடம் விசாரித்தும் அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு முறையும் என் பயத்தோடு இதுவும் வந்துவிடுகிறது: அவருக்குக் கண்ணில் என்ன, கூட யார் வந்திருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை நான் கேட்கவே இல்லை.