புழுத்தொட்டிக்காரரும் மச்சினனும்

புழுத்தொட்டிக்காரர் கை நீட்டாத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஒருவன் பல், பட்டறையில் மேஸ்திரியின் மூக்கு, கல்யாணமான மறுவாரமே பக்கத்து வீட்டுக்காரனின் விலா. மனைவியை மட்டும் அடித்ததில்லை. அதையும் ஏதோ தியாகம் செய்துவிட்டவர் மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார். ஏழு வேலை பறிபோய், எட்டாவதாகக் கழிவுநீர் நிலையத்தில் வந்து விழுந்தார்.

நகரத்துச் சாக்கடைத் தண்ணீர் அங்கே முதலில் காற்றுத் தொட்டிக்கு வரும். அடியிலிருந்து காற்று கொப்பளிக்கும். கிருமிகள் அழுக்கைத் தின்று பெருகும். பெருகிய கிருமியெல்லாம் கடைசியில் கரிய கசடாகும். அதை லாரி லாரியாக அள்ளுவதற்குள் நிலையத்துக்கு நாக்குத் தள்ளிவிடும். அந்தக் கசடைத் தின்னவென்று பக்கத்திலேயே இன்னொரு தொட்டி கட்டி, வலைத் தட்டுகளில் நூல் கனத்தில் சிவப்புப் புழுக்களை விட்டார்கள். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்க, இவர் முழங்கை வரை விட்டு அளைந்தார். காற்று குறைந்தால் புழுக்கள் உருண்டையாகத் திரளும். கை பட்டதுமே அவருக்குத் தெரிந்துவிடும்.

இரண்டு வருஷம் அவர் யாரையும் அடிக்கவில்லை. "உங்க கோபத்தையும் சேத்துத் தின்னுடுச்சா அதுங்க?" என்று மனைவி கேலி செய்வாள்.

கசடு பாதியாயிற்று. லாரி நடையும் பாதியாயிற்று. லாரி ஓட்டியவன் மனைவியின் தம்பி. அவனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே இவர்தான். அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டாம் என்று அவனிடம் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் மதியம் சாப்பிட்டுத் திரும்பியவருக்குக் கண் எரிந்தது. மச்சினன் மூன்றாவது மூட்டை ப்ளீச்சிங் பவுடரைப் புழுத்தொட்டிக்குள் கவிழ்த்துக்கொண்டிருந்தான். புழுக்கள் தட்டிலிருந்து கொத்துக் கொத்தாகக் கழன்று, வெளுத்து மிதந்தன.

"என்னடா பண்ணே?"

"என் பொழப்பத் தின்னுச்சு மாமா. இனிமே திங்காது."

கசடு தள்ளும் நீளக் கழியை எடுத்தார். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவதில் மணிக்கட்டு முறிந்த சத்தம் கேட்டது. அவன் மிச்சப் பவுடரை அவர் முகத்தில் அள்ளி வீசி, பாய்ந்து காதைக் கடித்தான். சதை பல்லோடு போனதாக அவருக்குத் தோன்றியது. இரண்டு தொட்டிக்கும் நடுவிலிருந்த ஒற்றைப் பாதையில் கட்டிப் புரண்டார்கள். அவன் தலையைப் பிடித்துக் கான்கிரீட்டில் மோதினார். எழுந்தவனின் நெஞ்சில் உதைத்தார். பாதையோரத் தடுப்பின் துருப்பிடித்த கம்பி பிய்ந்துகொண்டது. அவன் காற்றுத் தொட்டிக்குள் போனான்.

மச்சினன் வெள்ளத்தில் குறுக்கே நீந்தி மாடு மீட்டவன். 'விழுந்தால் நீந்த முடியாது' என்று அங்கே மாட்டியிருந்த பலகையைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பான். அந்தத் தொட்டியில் இருப்பது பாதி தண்ணீர், பாதி காற்று. கை வீசினால் பிடிமானம் இருக்காது, எப்பேர்ப்பட்ட நீச்சல்காரனும் கல்லாக இறங்குவான். காற்றை நிறுத்தினால்தான் ஆள் மிதப்பான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நிறுத்தும் பொத்தான் நாலு எட்டில் இருந்தது.

காற்று நின்றதும் கழியில் கொக்கி மாட்டி அவனை இழுத்துப் போட்டார். குப்புறத் தள்ளி முதுகில் குத்தினார். கறுத்த வாயில் வாய் வைத்து ஊதினார். அவன் ஒரு வாளி சேற்றைக் கக்கிவிட்டு மூச்சு விட்டான்.

நுரையீரல் பழுதாகிவிட்டது, இனி லாரி ஓட்ட முடியாது என்றார் டாக்டர். கால் தவறி விழுந்ததாகப் போலீசில் சொன்னான் மச்சினன். "மாமா இல்லேன்னா செத்திருப்பேன்" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மூச்சிரைத்தபடி சொன்னான். நிலையத்து எஞ்சினியர் வந்து இவர் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். வெட்கமாக இருந்தது அவருக்கு.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மனைவி அவர் காதுக் கட்டைச் சரிசெய்துகொண்டே கேட்டாள். "அவன் விழுந்ததுமே நிறுத்திட்டீங்கல்ல?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

"இல்ல. நின்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"அவன் கை ரெண்டு தடவ மேல வந்துச்சு. மூணாவது தடவ வரல. அப்பதான் போனேன்."

அவள் அவர் காதிலிருந்து கையை எடுத்தாள். உள்ளே போய்த் தம்பியின் கட்டிலோரம் உட்கார்ந்தாள். அவர் வாசலுக்கு வந்ததும் எழுந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.