நெஞ்சில் துளை போட்ட குதிரைகள்

எனக்குப் பேச்சு குறைவு. படிப்பு ஆறாவதோடு நின்றது. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிற பட்டறையில் வேலை. கூழாகக் கரைத்த மண்ணை அச்சில் ஊற்றுவேன். உருவத்தை எடுப்பேன். அடியில் ஒரு துளை போடுவேன். பொம்மைக்கு உள்ளே ஒன்றும் கிடையாது, வெறும் காற்று. துளை இல்லாமல் சூளைக்குள் போனால் அந்தக் காற்றுக்கு வெளியே வர வழி இருக்காது. வெடிக்கும். பக்கத்தில் நிற்கிற நாலு பொம்மையையும் கெடுக்கும். நான் உறுதியாகத் தெரிந்துகொண்டது இது ஒன்றுதான்.

கல்யாணமாகி ஆறு வருசம் கழித்து என் மனைவி முழுகாமல் இருந்தாள். ஏழாம் மாதம் ஒரு நாள் சோறு தின்கிறபோது எனக்கு அது தோன்றியது. பிள்ளை உள்ளே தண்ணீரில் கிடக்கிறது என்கிறார்கள். அப்படியானால் மூச்சு?

மனைவியிடம் கேட்டேன்.

"எனக்கு எப்படிங்க தெரியும்? நான் என்ன உள்ள எட்டிப் பாத்தனா?" என்றாள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளிலிருந்து சட்டையை வாசலிலேயே கழற்றினேன். மண் தூசி பிள்ளைக்குப் போய்விடக் கூடாது. குளித்த பிறகுதான் வீட்டுக்குள் வந்தேன். டேபிள் ஃபேனை அவள் வயிற்றுக்கு நேராக வைத்தேன். முந்தானை மறைத்தால் விலக்கினேன்.

"மூஞ்சிக்கு வையிங்க. எனக்குத்தான் வேர்க்குது."

"உனக்கு மூக்கு வெளிய இருக்குது. அதுக்கு இல்ல," என்றேன்.

அவள் ஃபேனைத் திருப்புவாள். நான் திரும்பவும் வயிற்றுக்கு வைப்பேன். இப்படியே ஒரு வாரம் போனது.

அந்த வாரக் கடைசியில் நர்சம்மா வந்தார். வீடு வீடாக வந்து கர்ப்பிணிகளைப் பார்க்கிறவர். ஃபேனைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார்.

"யாரு வேல இது?"

மனைவி என்னைக் கை காட்டினாள்.

"அண்ணே, பாப்பா காத்த இழுக்காது," என்றார் நர்சம்மா. "அம்மா மூச்சு இழுத்தா, அதுல நல்லது அவங்க ரத்தத்துல சேருது. அங்கேருந்து கர்ப்பப்பையில ஒட்டியிருக்கற நஞ்சுக்கு வருது. நஞ்சுலேருந்து கொடி வழியா பாப்பா ரத்தத்துக்குப் போயிடுது. பாப்பாவோட நுரையீரலு இன்னும் வேலைக்கே வரல."

"ஸ்கேன்ல நெஞ்சு ஏறி எறங்குச்சே சிஸ்டர்," என்றேன்.

"அது ஒத்திக. தண்ணியத்தான் இழுத்து இழுத்து வுடுது."

இதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிம்மதியாகியிருப்பேன். நர்சம்மா நல்லவர். எல்லாவற்றையும் சொல்லித் தருவார்.

"நுரையீரலுக்கு வேல இல்லன்னா அங்க ரத்தம் எதுக்கு நெறையப் போவணும்? அதனால இதயத்துல வலது பக்கத்துக்கும் இடது பக்கத்துக்கும் நடுவுல சின்னதா ஒரு துளை இருக்கும். ரத்தம் குறுக்கால பூந்து போயிடும். பொறந்து முத மூச்சு இழுத்ததும் நுரையீரலு விரியும். ரத்தம் அந்தப் பக்கம் ஓடும். துளை கதவாட்டம் சாத்திக்கும்."

"சாத்திக்குமா?"

"சாத்திக்கணும்."

"உள்ள காத்து போற நேரத்துல போயி துளை சாத்திக்கிச்சுன்னா, வெடிச்சிடாதா?"

நர்சம்மா பேனாவை மூடினார். என் மனைவியிடம் கேட்டார்.

"இவரு எங்க வேல செய்யறாரு?"

"பொம்மப் பட்டறையிலங்க."

"அதான பாத்தேன்," என்றார். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அடுத்த வாரம் பட்டறையில் குதிரை பொம்மை ஓடிக்கொண்டிருந்தது. நான் ஊற்றினேன், எடுத்தேன், அடியில் துளை போட்டேன். மனம் வேறெங்கோ இருந்தது. சாயங்காலம் மேஸ்திரி பலகையிலிருந்து ஒரு குதிரையைத் தூக்கினார். முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"யோவ், என்னாய்யா இது நெஞ்சுல?"

"துளை."

"தெரியுது. எதுக்கு?"

எனக்கே அப்போதுதான் தெரிந்தது. பலகையில் இருந்த முப்பத்திரண்டு குதிரைக்கும் நெஞ்சில் குச்சியால் துளை போட்டிருந்தேன்.

"அடித்துளை சாத்திக்கிச்சுன்னா இது இருக்கட்டும்னு," என்றேன்.

"அடித்துளை ஏன்யா சாத்திக்கிது? குதிரைக்கு என்னா, மாரடைப்பா?"

பட்டறையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. குதிரைகளைச் சூளையில் வைத்தோம். ஒன்றுகூட வெடிக்கவில்லை. மேஸ்திரியிடம் அதைச் சொன்னேன். குதிரைகள் ஒரு மூலைக்குப் போயின. நெஞ்சில் ஓட்டையோடு ஒரு குதிரையை யார் வாங்குவார்கள்?

வலி கண்டது ஒரு காலையில். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனோம். மாமியார் உள்ளே போனார். நான் வெளி பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் மங்கலம்பேட்டை பாய் ஒருவர். துபாயிலிருந்து லீவில் வந்திருந்தார். அவர் வீட்டம்மாவும் உள்ளேதான்.

நர்சம்மா சொல்லி அனுப்பியிருந்தார். அழுகை கேட்டால் மூச்சு வந்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு அந்த ஒரு சத்தம் போதும்.

பத்து மணிவாக்கில் கேட்டது. நல்ல கனத்த அழுகை. எழுந்தேன். சட்டைப் பையில் ஆரஞ்சு மிட்டாய் வைத்திருந்தேன். பெஞ்சில் இருந்த எல்லாருக்கும் கொடுத்தேன். வாட்ச்மேனுக்கு இரண்டு. பாய்க்கும் கொடுத்தேன். அவர் வாயில் போட்டுக்கொண்டார். கதவு திறந்தது. ஒரு பெண் எட்டிப் பார்த்து பாயைக் கூப்பிட்டாள்.

பாய் என்னைப் பார்த்தார். மிட்டாய் கன்னத்தில் துருத்திக்கொண்டிருந்தது.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. அது எங்க புள்ள," என்றார்.

உட்கார்ந்தேன். மிட்டாயைத் திருப்பிக் கேட்க முடியாது. பாய் பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பன்னிரண்டு மணிக்கு உள்ளே ஆட்கள் வேகமாக நடக்கிற சத்தம். மாமியார் குரல், "வந்துடுச்சு" என்று. பிறகு ஒன்றும் இல்லை. அழுகை இல்லை. பாய் என் தோளில் கை வைத்தார். நான் கதவைப் பார்த்தேன். மூச்சை அடக்கியிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. பிள்ளையும் நானும் ஒரே நேரத்தில் மூச்சில்லாமல் இருந்தோம்.

பிறகு ஒரு சத்தம். அழுகை என்று சொல்ல முடியாது. பூனை தும்மியது போல. அடுத்தது கொஞ்சம் பெரிதாக. அதற்கடுத்தது வாட்ச்மேன் திரும்பிப் பார்க்கிற மாதிரி.

நான் எழவில்லை. "இது யாரு புள்ள?" என்று பாயிடம் கேட்டேன்.

"உள்ள வேற யாரும் இல்லண்ணே. உங்களுதுதான்," என்றவர் என் வாயில் ஒரு பேரீச்சம்பழத்தைத் திணித்தார். அதோடுதான் நானும் மூச்சை இழுத்தேன்.

பெண் பிள்ளை.

வீட்டுக்கு வந்தபிறகு தினமும் பிள்ளை நெஞ்சில் காது வைத்துக் கேட்டேன்.

"தலைய எடுங்க. கொழந்த நசுங்கிடப் போவுது," என்பாள் மனைவி.

நர்சம்மா வந்தபோது கேட்டேன். "சாத்திக்கிச்சா?"

"அன்னிக்கே சாத்திக்கிச்சுண்ணே. நல்லா ஒட்டிக்க மாசக்கணக்குல ஆவும். சில பேருக்குக் கடைசி வரைக்கும் ஒட்டாமலே இருக்கும், அவங்களுக்கே தெரியாது. உங்களுக்குக்கூட இருக்கலாம்."

"இருக்குங்க. அதான் நான் சொல்றது எதுவும் உள்ள நிக்காம போயிடுது," என்றாள் மனைவி.

இப்போது பிள்ளைக்கு நாலு வயது. மூலையில் கிடந்த குதிரைகளில் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். அடித்துளையில் வாயை வைத்து ஊதினாள். நெஞ்சு வழியாகக் காற்று வந்தது. சீட்டி அடித்தது. விட்டால் நாள் முழுக்க ஊதுகிறாள். மூச்சு முட்டுவதே இல்லை. மேஸ்திரி கேள்விப்பட்டு மீதி முப்பத்தொன்றையும் ஊதல் குதிரை என்று விற்றுவிட்டார்.

"ஏம்ப்பா இதுக்கு நெஞ்சுல ஓட்ட?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"சாத்திக்க மறந்துடுச்சு," என்றேன்.

தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தாள். தடவிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. திரும்ப ஊதினாள்.