ஜெயசீலியின் பரீட்சைக்கு ஒரு ஜெபம்

பல்கலைக்கழகப் பதிவில் ஜெயசீலி 'இல்லத்தரசி, பணி ஏதுமில்லை'. இரும்புலியூர் வீட்டில் சமையல், படுத்த படுக்கையான மாமியார், அக்கம்பக்கத்தாரின் பிளவுஸ் தையல் எல்லாம் போக மிஞ்சிய நேரத்தில்தான் நாற்பத்தாறு வயதில் அஞ்சல் வழியில் பி.ஏ. படித்தாள். ஏற்கெனவே கோட்டைவிட்ட பொருளாதாரத் தாளுக்கு இதுவே கடைசி வாய்ப்பு. பரீட்சையன்று காலையாவது புரட்டிப் பார்க்கலாமென்று புத்தகத்தைத் திறந்தபோது, அவளுக்காக ஜெபிக்க சபைப் பெண்கள் கூட்டமாக வந்துவிட்டார்கள்.

"அக்கா, பத்து மணிக்கு எக்ஸாம். தாம்பரத்துல டிராஃபிக் வேற."

"அதுக்குத்தானே ஜெயா வந்திருக்கோம்! மொதல்ல ஒரு பாட்டு," என்றார் பெண்கள் சங்கத் தலைவி பாக்கியமணி.

ஒரு பாட்டு மூன்றானது. நடுவே டீயும் ஆயிற்று, போட்டவள் ஜெயசீலிதான். பிறகு தொடங்கிய ஜெபம் அவளுடைய ஞாபகசக்தியில் ஆரம்பித்து, கேள்வித்தாள் தயாரித்தவரைத் தொட்டு, அவர் பிள்ளைகுட்டிகள்வரை நீண்டது. ஜெயசீலிக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. விசும்பலைக் கேட்ட பாக்கியமணி அதைப் பக்தியென்று எடுத்துக்கொண்டு குரலை இன்னும் உயர்த்தினார்.

எல்லோரும் கண்மூடியிருக்கையில் ஜெயசீலி ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு வெளியேறி, ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்ப் பரீட்சை எழுதினாள்.