நிறுத்தக் கூடாத தலைச்சுற்று

காலை ஷிப்டுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது வீடு ஒரு பக்கமாகச் சுழல ஆரம்பித்தது. கண்ணை மூடினாலும் நிற்கவில்லை. சுவரைப் பிடித்தபடியே வாந்தி எடுத்தேன். வெளியே கம்பெனி பஸ் இரண்டு தரம் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. தண்டலம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தேன். உடம்பு சாயாமல் பார்த்துக்கொள்ளும் நரம்பு ஒன்று காதுக்குள் இருக்கிறதாம், இடது பக்கம் அது வீங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார். கேட்பதைத் தவிர காதுக்கு வேறு வேலையும் உண்டு என்பது நாற்பத்திரண்டு வயதில்தான் எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தபின் அசையாமல் இருந்தால் சுற்றவில்லை. ஆனால் தலையைத் திருப்பினால் கண்ணெதிரே இருப்பதெல்லாம் ஆடி ஆடி ஒரு கணம் கழித்துத்தான் நிலைக்கு வந்தது. வேறு ஆளாக இருந்தால் சமாளித்திருப்பான். நான் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிறவன். முன்னால் தூக்கிய சரக்கு கண்ணை மறைத்தால் ரிவர்ஸில்தான் போகவேண்டும். பாதி நாள் என் முகவாய் தோள்மேல்தான் இருக்கும். திரும்பினால் தலை சுற்றுகிறவனிடம் சாவியை யார் கொடுப்பார்கள்? சூப்பர்வைசர் என்னை லேபிள் ஒட்டும் நாற்காலியில் உட்கார வைத்தார். "டாக்டர் ஃபிட்டுன்னு எழுதிக் குடுக்கட்டும், அப்பால சாவி தர்றேன்" என்றார். நியாயம்தான். ஆனாலும் அவர்மேல் எரிச்சலாக வந்தது. பதினோரு வருஷம் ஓட்டிய வண்டியை இன்னொருத்தன் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டே லேபிள் ஒட்டினேன்.

ஆஸ்பத்திரியில் தலைச்சுற்றுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோ ஒரு திருநெல்வேலிப் பெண். சுவரில் ஓர் எழுத்தை ஒட்டினாள். கண்ணை அதிலேயே வைத்துக்கொண்டு தலையை இடமும் வலமும் ஆட்டவேண்டும், எழுத்து கலங்கக் கூடாது, அவ்வளவுதான்.

"இதுக்கா ஆஸ்பத்திரி? எங்க வூட்டுலயே ஆட்டிக்குவேனே."

"ஆட்டிப் பாருங்கண்ணே" என்றாள்.

ஐந்தாவது ஆட்டத்தில் மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டில் நாள்காட்டியை என் கண் உயரத்துக்கு இறக்கி மாட்டினாள் என் மனைவி. அன்றன்றைய தேதிதான் என் எழுத்து. காலையும் மாலையும் அவள் எண்ணுவாள், நான் ஆட்டுவேன். பிறகு தெருவில் தலையைத் திருப்பித் திருப்பி நடக்கவேண்டும். "எதிர்வூட்டம்மா கேக்குறாங்க, அண்ணன் டெய்லி யாரத் தேடிக்கினு போறாருன்னு" என்று சொல்லிச் சிரித்தாள். மூன்று வாரம் ஒருவேளை தவறாமல் செய்தேன். ஓர் இம்மிகூட முன்னேற்றம் இல்லை. வேலை போனதுபோலத்தான் என்று மனசு விட்டுப்போயிற்று.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, "என் முன்னால ஒரு தடவ பண்ணுங்க" என்றாள் பிசியோ பெண். மூன்று தரம் ஆட்டினேன். லேசாகச் சுற்றியது. உடனே நிறுத்தி, கையைத் தூக்கி, கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டேன்.

"ஏன் நிறுத்திட்டிய?"

"சுத்துதும்மா."

"வீட்லயும் இப்படித்தான் பண்ணுதீங்களா?"

"ஆமா. ஒரு நாள் கூட மீறினதில்ல" என்றேன், பெருமையாகவே.

எங்கள் தொழிற்சாலையில் தூணுக்குத் தூண் எழுதி வைத்திருப்பார்கள்: நிறுத்து, கூப்பிடு, காத்திரு. ஏதாவது மாறுதலாகத் தெரிந்தால் வண்டியைத் தொடக்கூடாது. விநோதமான சத்தம் கேட்டும் ஓட்டியவனுக்கு மெமோ நிச்சயம். அதையே என் தலைக்கும் செய்திருக்கிறேன். சுற்று வந்ததும் நிறுத்தினேன், மனைவியைக் கூப்பிட்டேன், காத்திருந்தேன். இதைச் சொன்னதும் அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, அந்தச் சுத்து வந்தாத்தான் மூளைக்குக் கணக்கு தப்புதுன்னே தெரியும். தெரிஞ்சாத்தான் திருத்தும். நீங்க அதுக்குத் தெரியவே விடல. லேசாச் சுத்தட்டும். விழாம மட்டும் பாத்துக்கிடுங்க."

அன்று மாலையிலிருந்து நிறுத்தவில்லை. வயிற்றைப் புரட்டியது, வேர்த்துக் கொட்டியது. மனைவி என் முதுகுக்குப் பின்னால் கையை விரித்து நின்றுகொண்டு எண்ணினாள். இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் பதினேழாம் தேதி அசையவில்லை. தலை ஆடுகிறது, பதினேழு அப்படியே நிற்கிறது. ஓடுகிற லைனை ஒரு நிமிஷம்கூட நிறுத்தாமல் யாரோ என் தலைக்குள் புகுந்து பழுது பார்த்திருக்கிறார்கள். இப்படி ஒரு மெக்கானிக்கை நான் எந்தக் கம்பெனியிலும் பார்த்ததில்லை.

இன்னும் ஒரு மாதம் போனது. கண்ணை மூடித் தலையணைமேல் நின்றேன், பஸ்ஸில் பின்பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டே போனேன். சான்றிதழ் எழுதுமுன் டாக்டர் கடைசியாக ஒரு டெஸ்ட் வைத்தார். படுக்கவைத்து, வலது காதில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டார்கள். கட்டில் சுழன்றது. அப்படிச் சுழன்றால்தான் நல்ல காதாம். பிறகு இடது காதில் விட்டார்கள். ஒன்றுமே இல்லை. காத்திருந்தேன். கல்லில் ஊற்றியதுபோல் இருந்தது.

"அப்ப வேலை போச்சா சார்?"

"அந்தப் பக்க நரம்பு போயிடுச்சுங்க. இனிமே வராது" என்றார் டாக்டர், சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே.

"அப்புறம் நான் எப்படி சார் நிக்கிறேன்?"

"ஒரு காதை வெச்சே சமாளிக்க உங்க மூளை கத்துக்கிச்சு. போய் வண்டிய எடுங்க."

மறுநாள் ஆளுயரத்துக்கு மேல் அடுக்கிய சரக்கைத் தூக்கி, சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருக்க, ரிவர்ஸ் போட்டேன். முகவாயை இடது தோளுக்குத் திருப்பினேன். தரையின் மஞ்சள் கோடு நூல் பிடித்ததுபோல் நேராகக் கிடந்தது. செத்துப்போன காது இருக்கும் பக்கம் அது.