நான் நிரப்பாத மூன்றாவது இடம்

மூன்று நாளாக அந்த டெஸ்ட் என் உயிரை எடுத்தது. எங்கள் புரோகிராம் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்க, சி என்கிற கணினி மொழியில் நானே எழுதியது. என் லேப்டாப்பில் எத்தனை முறை ஓட்டினாலும் பாஸ். அலுவலக சர்வரில் ஃபெயில். அதுவும் எங்கள் சீனியர் தான் எழுதிய புது புரோகிராம் கோடையும் அதற்கான டெஸ்ட்டையும் சேர்த்த நாளிலிருந்து. அவர் கோடில்தான் தப்பு என்று குழுவில் எல்லோரும் பார்க்கும்படி எழுதிவிட்டேன். அதனால் அவர் கோடு வாடிக்கையாளருக்குப் போகாமல் நின்றுபோனது.

"உன் டெஸ்ட்டையும் ஒரு தடவை பாரும்மா" என்றார் போனில். முசரவாக்கம் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள்தானே என்கிற நினைப்பு அவருக்கு என்று எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். "பார்த்துட்டேன் சார்" என்றேன். பார்க்கவில்லை.

அந்த எரிச்சலில் இருந்தபோதுதான் பக்கத்து வீட்டு பாய் பேங்க் ஃபாரத்தோடு வந்தார். செவிலிமேட்டில் எங்கள் தெருவுக்கே ஃபாரம் பார்த்துக் கொடுப்பவள் நான். யாரோ எழுதிய ஃபாரத்தில் ஒயிட்னர் பூசி ஜெராக்ஸ் எடுத்திருந்தார். பெயரும் விலாசமும் தன்னுடையதைப் போட்டிருந்தார். செல் நம்பர் கட்டத்தைத் தொடவே இல்லை.

"நீங்க எழுதலைன்னா அது காலின்னு அர்த்தமா பாய்? பழைய ஆளு நம்பர் உள்ள தெரியுது பாருங்க."

"ஆபீஸ்ல யாரையோ திட்ட முடியாம என்னைத் திட்டிக்கினு இருக்கேம்மா" என்று சிரித்தார். புது ஃபாரம் வாங்கிவரச் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் காலை, சீனியரின் தப்பை நிரூபிக்கத்தான், மெமரியைச் சோதிக்கும் கருவியில் எல்லாவற்றையும் ஓட்டினேன். அது என் வரியைக் காட்டியது. மால்லாக் என்கிற கட்டளையால் மெமரியில் மூன்று விவரங்களுக்கு இடம் வாங்கி, இரண்டை மட்டும் நிரப்பியிருந்தேன். மூன்றாவது தானாகப் பூஜ்யமாக இருக்கும் என்று நினைப்பு. என் லேப்டாப்பில் தற்செயலாக அப்படி இருந்தது. சர்வரில், அவருடைய டெஸ்ட் முதலில் ஓடி விட்டுப்போன இடம் எனக்குக் கிடைத்தது. அதன் பழைய எண் உள்ளேயே கிடந்தது. நிரப்பாத இடத்தைப் படித்தால் என்ன வரும் என்று சி மொழி எந்த உறுதியும் தருவதில்லை. பரீட்சையில் இந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கியவள் நான்.

பூஜ்யம் போட ஒரே ஒரு வரி. சர்வரிலும் பாஸ். 'தப்பு என் டெஸ்ட்டில்' என்று அதே இடத்தில் எழுதத்தான் மதியச் சாப்பாடு வரை ஆனது. சர்வரைக் குறை சொல்லி ஒரு வாக்கியம் எழுதி, அழித்தேன். பார்க்காமலே பார்த்தேன் என்று சொன்னதையும் சேர்த்து எழுதினேன்.

சாயங்காலம் அவர் கோடு வாடிக்கையாளருக்குப் போனது. எனக்குக் கட்டைவிரல் படம் ஒன்றை மட்டும் அனுப்பினார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.