இரண்டாவது பக்கமும் போய்விட்டது

ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், கொடைக்கானலில் ஒரு பள்ளி விடுதியின் அலுவலகத்தைக் கவனித்து வருகிறேன். விடுமுறை பஸ் பட்டியலைக் கணினியில் தயாரித்து, அதன் லிங்கைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அதே கோப்பின் இரண்டாவது பக்கத்தில் பிள்ளைகளின் நோய் விவரங்கள் இருந்தன. திறந்திருக்கும் பக்கம் மட்டும்தான் போகும் என்று, காகிதத்தில் பழகிய நான் நினைத்துவிட்டேன்.

இரண்டு நாளில், பக்கத்து மலைக் கிராமமான போளூரிலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா வந்தார்.

"பாப்பாவுக்கு வலிப்பு வர்றத ஒங்களை நம்பித்தானேங்க சொன்னேன். இப்ப ஊர்ல எல்லார் போன்லயும் கெடக்கு."

"தப்பு என்னுதுதாங்க."

"இருக்கட்டும் சார். அவ இனி வரமாட்டேங்குறா. பெட்டிய எடுத்துக்கிறேன்."

அவர் திட்டியிருக்கலாம்.

அன்றே லிங்கை நீக்கி, நடந்ததை நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். இப்போது நோய் விவரங்கள் தனிக் கோப்பில் உள்ளன. விடுதி நர்சும் நானும் மட்டுமே திறக்க முடியும். எந்த லிங்கையும் அனுப்பும் முன், என் கணக்கு இல்லாத வேறொரு போனில் திறந்து, என்ன தெரிகிறது என்று பார்க்கிறேன்.

மாதம் ஒருமுறை பாடக் குறிப்புகளை உறையில் போட்டு ஒட்டி, மேலே அவள் பெயரை மட்டும் எழுதிப் போளூருக்குக் கொண்டுபோகிறேன். அப்பாதான் வாங்கிக்கொள்கிறார். அவள் இன்னும் வெளியே வரவில்லை.