ஆற்றிறக்கத்தில் எஞ்சினை நிறுத்தும் வழக்கம்

நாகர்கோவிலிலிருந்து எங்கள் பஸ்ஸில் மார்த்தாண்டம் போகிறவர்கள், பேச வேண்டியதையெல்லாம் ஆற்றிறக்கத்துக்கென்று சேர்த்து வைத்துக்கொள்வார்கள். அதற்கு முன்னால் பேசிப் பயனில்லை. எஞ்சின் போடும் சத்தத்தில், பக்கத்தில் இடித்துக்கொண்டு இருப்பவர் கத்தினால்கூடக் காதில் விழாது. மார்த்தாண்டத்துக்குக் கொஞ்சம் முன்னே மேட்டின் உச்சிக்கு வந்ததும் டிரைவர் எஞ்சினை நிறுத்திவிடுவார். பிறகு வண்டி தன் பாரத்திலேயே ஆற்றுப்பாலம் வரைக்கும் உருண்டு இறங்கும். திடீரென்று காற்றும் பறவைச் சத்தமும் கேட்கும். அப்போதுதான் கல்யாணப் பேச்சு, வாய்க்கால் தகராறு, பேத்திக்குப் பல் முளைத்தது எல்லாம் வெளியே வரும். சபைக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து வந்தால் ஒரு பாட்டே பாடி முடித்துவிடுவார்கள். ஒரே கோயிலுக்குள் சேர்ந்து நுழைய முடியாதவர்கள் எங்கள் பலகை இருக்கையில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து, ஒருவர் வீட்டுச் சங்கதியை இன்னொருவர் கேட்டது அந்த இறக்கத்தில்தான்.

ஜனங்களுக்கு அது பிடித்திருந்தது. பெட்ரோல் மிச்சமாவதால் முதலாளிக்குப் பிடித்திருந்தது. எஞ்சின் இல்லாமல் இவ்வளவு பெரிய வண்டியை இறக்குவது கைத்திறமை என்று டிரைவர்களுக்குப் பெருமை. கண்டக்டரான நான் மட்டும் சத்தம் நின்ற அந்த நொடியில் படிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன்.

நான் இயல்பிலேயே பயந்தவன். பரீட்சை என்றால் முந்தின நாளே எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். அப்படி மூன்று பரீட்சைக்குக் காய்ச்சல் வந்தபின் அப்பா, ‘இவனுக்குப் படிப்பு வேண்டாம், உயிர் இருந்தால் போதும்’ என்று பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் அக்காவின் கணவர்தான் என்னை பஸ்ஸில் சேர்த்துவிட்டார். அத்தான் டிரைவர், நான் அதே வண்டியில் கண்டக்டர். படியில் ஏறி நின்றபின் தலைகளை ஒரு தடவை எண்ணுவேன். சந்தேகம் வந்து மறுபடி எண்ணுவேன். அத்தான் கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பார்.

ஒரு சந்தை நாள். கூரைமேல் வாழைக்குலைகள், உள்ளே ஒருவர் மடியில் ஒருவர். பாதி இறக்கத்தில், எஞ்சின் நின்று வண்டி உருண்டுகொண்டிருந்தபோது, ஓடு ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று எதிரே குறுக்காக நின்றது. அத்தான் பிரேக்கை மிதித்தார். அடியில் ‘டங்’கென்று ஏதோ அறுந்த சத்தம். வண்டி நிற்கவில்லை. கியரைப் போடப் பார்த்தார், பல்லை நறநறவென்று கடித்ததே தவிர விழவில்லை. பின்படியில் நின்ற கிளீனர் அண்ணாச்சி குதித்து ஓடி, சக்கரத்துக்கு முன்னால் தடைக்கட்டையைப் போட்டார். சக்கரம் அதைத் தாண்டிக் குதித்தது. கடைசியில் அத்தான் இடது பக்கத்துச் செம்மண் மேட்டில் வண்டியை உரசவிட்டார். உரசி உரசி, மாட்டின் மூச்சு முகத்தில் படுகிற தூரத்தில் வண்டி நின்றது.

வெளியே கையை நீட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாவுக்குக் கை முறிந்தது. மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போகிற நர்ஸம்மா ஒருவர் வண்டியில் இருந்தார். மேலே குலைக்குச் சுற்றியிருந்த ஒரு வாழை மட்டையை உரித்து வாங்கி அந்தக் கையை வைத்துக் கட்டினார். வேறு யாருக்கும் பெரிய அடியில்லை.

அதன்பின் நடந்ததுதான் எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய காரியம். ஞாயிற்றுக்கிழமை சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தார்கள். சுசீந்திரத்துக்காரர்கள் கோயிலில் தேங்காய் உடைத்தார்கள். அடுத்த சந்தை நாளில் வியாபாரிகள் கூடி, மார்த்தாண்டம் முக்கில் வண்டியை நிறுத்தி, அத்தானுக்குத் தோவாளை மாலை போட்டார்கள். முதலாளி வந்து நேரியல் போர்த்தினார். ஆண்டவன் காத்தார், டிரைவர் காத்தார் என்று எல்லோரும் கும்பிட்டார்கள். பிரேக் ஏன் அறுந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவ்வளவு நன்றிக்கு நடுவில் கேட்டால் மரியாதையாக இருக்காதென்று நினைத்திருக்கலாம்.

நான் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். மிதியையும், சக்கரத்துக்குப் போகிற பிரேக் தண்டையும் ஓர் ஆணி சேர்க்க வேண்டும். அந்த ஆணி இருக்க வேண்டிய துளையில் வேலி கட்டுகிற கம்பியை நாலு சுற்றுச் சுற்றி முறுக்கியிருந்தது. அறுந்ததை எடுத்துவிட்டுப் புதிதாக அதே மாதிரிக் கம்பியைக் கட்டியிருந்தார்கள்.

ஷெட்டில் அத்தானைத் தனியாகப் பிடித்தேன்.

“அத்தான், ஆணிக்க எடத்துல வேலிக்கம்பியில்லா கெடக்கு?”

“ஏலே மாப்ளே, ஊரே மாலை போட்டிருக்கு. ஒனக்குப் பொறுக்கல்லியா?”

“மாலை போட்டவங்க யாரும் குனிஞ்சு பாக்கல்லியே.”

“நீ பாத்தியாக்கும்?”

“பாத்தேன். சோதனைக்குக் கொண்டுபோனப்போ ஆணி இருந்துதே அத்தான். நானும்லா கூட வந்தேன்.”

அவர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். “நல்ல ஆணி ஒரு செட்டுதாம்லே இருக்கு. நாலு வண்டிக்கும் அதாக்கும்.”

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை சர்க்கார் அதிகாரி முன்னால் ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு வாரம் போய் நிற்கும். எந்த வண்டி போகிறதோ, முந்தின நாள் மத்தியானம் அந்த வண்டிக்கு அந்த ஆணிகள் மாறும். சோதனை முடிந்ததும் திருவனந்தபுரம் போகிற புது வண்டிக்கே திரும்பிவிடும். அதிகாரி நேர்மையான மனிதர்தான். சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார். பாவம், ஒரே ஆணியை நாலு தடவை தட்டியிருக்கிறார். சிரித்து முடித்தபின் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

“மொதலாளிட்ட கேக்கப்பிடாதா அத்தான்?”

“கேட்டா, பயந்த டிரைவர் வேண்டாம்பாரு. வாசல்ல பத்து பேரு நிக்கான். ஒனக்க அக்காளுக்கு இது எட்டாம் மாசம்.”

நானே போனேன். முதலாளி தன் அரிசிக் கடையில் விசிறிக்கொண்டு இருந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

“லேய், நீ பாய விரிச்சாலும் அடியில பாம்பு கெடக்கான்னு பாக்குதவன். ஒனக்குப் பயமும் வெப்ராளமும்னா வண்டி என்ன செய்யும்? கர்த்தர் காத்தாருல்லா?”

“காத்தாரு மொதலாளி. அது ஒருக்கா.”

“சோதனையில பாஸான வண்டியாக்கும் அது.”

“பாஸானது ஆணியாக்கும் மொதலாளி.”

விசிறி நின்றது. “போ. போயி டிக்கெட்டக் கிழி” என்றார்.

மூன்று நாள் யோசித்தேன். வேலையை விட்டு ஓடிவிடலாம் என்றும் தோன்றியது. ஆனால் நான் ஓடினால் அந்த வண்டியில் அத்தான் இருப்பார், ஜனங்கள் இருப்பார்கள், நான் வீட்டில் உட்கார்ந்து மணியைப் பார்த்து, இப்போது மேட்டுக்கு வந்திருக்கும், இப்போது உருளும் என்று செத்துக்கொண்டிருப்பேன். அதைவிட வண்டியில் இருப்பது மேல். என் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். விசில் ஒன்றுதான் இருந்தது. ஒரு விசிலுக்கு நிற்க வேண்டும், இரண்டு விசில் கேட்காமல் நகரக் கூடாது. ஒருதரம் கண்டக்டரை டீக்கடையிலேயே விட்டுவிட்டு ஒரு வண்டி போய்விட்டதால், முதலாளியே போட்ட சட்டம் அது.

நாலாம் நாள் மேட்டின் உச்சியில் ஒரு விசில் ஊதினேன். அத்தான் நிறுத்தினார். யாரோ இறங்குகிறார்கள் என்று நினைத்திருப்பார். நான் இறங்கி அடியில் தவழ்ந்தேன். நாலு சக்கரத்துக்கும் பார்த்தேன். வெளியே வந்து, வாசலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

“எல்லாரும் கேளுங்க. பிரேக் ஆணிக்க எடத்துல வேலிக்கம்பிதான் கெடக்கு. அண்ணைக்கு அறுந்ததும் அதுதான். எஞ்சின நிறுத்தாம கியர்ல பைய எறங்கினா ஆபத்து கொறவு. நிறுத்தி உருட்டினா எனக்கு உறுதி சொல்ல முடியாது. நடக்க மனசுள்ளவங்க எறங்கி நடக்கலாம். பாலத்துல ஏத்திக்கிடுவோம்.”

“ஓய் கண்டக்டரே, சீட்டு வாங்கினது நடக்கவா?”

“தாலி கட்டின அண்ணைக்கே முடிச்ச மூணு தடவ இழுத்துப் பாத்தவனாக்கும் இவன்!”

வண்டி முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நர்ஸம்மா குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“நான் நடக்கேன். அந்த அம்மைக்கக் கை இன்னும் நேரே நீளல்ல. கட்டு மாத்துகது நானாக்கும்.”

அவர் இறங்கி நடந்தார். சுசீந்திரத்து வயல்காரர் ஒருவர், “ஒரு பெண்ணு தைரியமா எறங்கி நடக்கு, நான் இவங்க சிரிப்புக்குப் பயந்துக்கிட்டு உள்ள இருக்கணுமா?” என்று கேட்டுக்கொண்டே இறங்கினார். அன்றைக்கு ஏழு பேர் நடந்தார்கள்.

அத்தான் திரும்பிப் பார்க்காமல் கேட்டார். “விசில் ஊதுவியா, மாட்டியா?”

“எஞ்சின நிறுத்தாம எறக்குவியன்னா ஊதுதேன்.”

எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது. நான் இரண்டு தடவை ஊதினேன். முதல் கியரில் வண்டி முனகிக்கொண்டே இறங்கியது. கீழே வந்ததும் அவர் என்னிடம் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. நானும் மறுநாள் அதே இடத்தில் ஒரு விசில் ஊதினேன்.

இரண்டு வாரம் இப்படியே போனது. திட்டுகிறவர்கள் திட்டினார்கள், நடக்கிறவர்கள் கூடிக்கொண்டே வந்தார்கள். ஒருநாள் அக்கா வயிற்றைத் தாங்கிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

“ஒனக்க அத்தானுக்கு வேலை போச்சுன்னா, நீயா சோறு போடுவ?”

“வேலை போனா போடுதேன். அவரு போனா என்னக்கா செய்ய முடியும்?”

அவளுக்குக் கோபம் பாதியில் நின்றது. “கம்பின்னு சொல்லுகது உள்ளதா?” என்று மெதுவாகக் கேட்டாள். உள்ளது என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். வீட்டில் அவரிடம் என்ன கேட்டாளோ, எனக்குத் தெரியாது.

பயணிகள் வழியில் இறங்கி நடக்கிறார்கள் என்ற செய்தி சந்தை வரைக்கும் போனபின் முதலாளியே தக்கலையில் வந்து ஏறினார். வெள்ளைச் சட்டை, தங்கப் பொத்தான். மேட்டின் உச்சிக்கு வந்ததும் வழக்கம்போல ஒரு விசில் ஊதினேன். விசிலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தேன்.

“ரெண்டு ஊதுலே” என்றார் முதலாளி. “இவன் எஞ்சின நிறுத்தி எறக்குவான். எல்லாரும் பாக்கட்டு.”

“சரி மொதலாளி. நீங்க முன்சீட்டுலயே இரியுங்க. நான் ஊதுதேன்.”

முதலாளி இறக்கத்தைப் பார்த்தார். கீழே பாலமும் அதற்குக் கீழே தண்ணீரும் தெரிந்தன. அத்தானைப் பார்த்தார். அப்போதுதான் அத்தான் கதவைத் திறந்து கீழே இறங்கி நின்றார்.

“நான் உருட்ட மாட்டேன் மொதலாளி.”

“நீயா சொல்லுக? ஒனக்கு மாலை போட்டிருக்குலே!”

“போட்டிய. அண்ணைக்குப் பயத்துல எனக்க வேட்டி நனைஞ்சு போச்சு மொதலாளி. கை முறிஞ்ச அம்மைக்குத் தண்ணி கோரப் போறமாதிரி ஆத்துல எறங்கி நிண்ணேன், யாருக்கும் தெரியாம இருக்க. அந்த மாலை கழுத்துல கெடக்கையில பிடுங்கி எறியணும்னு இருந்துது. எறியல்ல. வேலைக்குப் பயந்து நிண்ணுட்டேன்.”

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். அத்தான் அழவில்லை, ஆனால் கைகள் இரண்டையும் கக்கத்தில் செருகிக்கொண்டு நின்றார். நடுங்குவது தெரியாமல் இருக்க அப்படி நிற்பேன் நானும். அவருக்கும் அந்தப் பழக்கம் உண்டென்று அதுவரை எனக்குத் தெரியாது.

முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, நர்ஸம்மாவுக்கும் வயல்காரருக்கும் பின்னால் நடந்தார். மற்றவர்களும் இறங்கிவிட, வண்டி ஒற்றை ஆளாக, அத்தானோடு, கியரில் முனகிக்கொண்டே இறங்கியது. நான் பக்கத்தில் ஓடினேன்.

பத்து நாளில் எங்கள் வண்டிக்குத் திருநெல்வேலியிலிருந்து புது ஆணிகள் வந்தன. நானே ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்தேன். முதலாளி என்னைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மற்ற வண்டிகளைப் பற்றிக் கேட்டதற்கு, “ஒண்ணு போட்டாச்சுல்லா, ஒவ்வொண்ணாப் பாப்போம்” என்றார். பாப்போம் என்று முதலாளி சொன்னால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும்.

அதற்கடுத்த வாரம் எங்களுக்கு ஓட்டமில்லாத நாளில் அத்தான் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் துணியில் சுற்றிய சுத்தியல். கொல்லம் போகிற வண்டி ஷெட்டில்தான் நிற்கிறது என்றார். போனோம். அந்த வண்டி டிரைவர் சட்டையைக் கழற்றிக்கொண்டு எதிரே வந்தார்.

“ஒங்களுக்கு வேற சோலி இல்லியாவே? எனக்க வண்டியத் தொட்டுராதீரும்!”

அத்தான் அவர் தோளில் கையைப் போட்டு, அசைய முடியாதபடி இறுக்கிக்கொண்டார்.

“மாப்ளே, நீ அடியில போயிப் பாரு. இவன நான் பிடிச்சுக்கிடுதேன்.”

ஆணி இல்லாத வண்டிகள் இன்னும் இரண்டு இருந்தன. நான் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு கொல்லம் வண்டியின் அடியில் தவழ்ந்தேன்.